ஒரத்தநாட்டில் ஒரு வாரம்: கரண்ட் காரும் கணக்கு நோட்டும்

“அக்கா, நீ ஒரு நடை வந்துட்டுப் போ. நீ சொன்னாத்தான் அவன் கேட்பான்” என்று என் தங்கை போனில் சொன்னபோது, ஏதோ நிலத் தகராறு என்றுதான் நினைத்தேன். புரட்டாசி மாதம், சம்பா நடவு நேரம். இந்தச் சமயத்தில் வரப்புத் தகராறு வருவது புதிதில்லையே! பிறகுதான் தெரிந்தது, விஷயம் கார் என்று. அதுவும் பெட்ரோல் போடாத கார். கரண்டில் ஓடுகிற கார்!

தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் ஒரத்தநாடு வந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றுமில்லாத சமதரை. ஒரு பக்கம் நாற்றங்கால், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு. காவிரி நாடு என்றாலும் இந்தப் பக்கம் பழைய ஆற்றுப் பாசனம் கிடையாது. மேட்டூர் அணை எழுந்து 1934-ல் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகுதான் இங்கே நெல் செழித்தது. அதனால்தான் பெரியவர்கள் அந்தக் கால்வாயை இன்றைக்கும் “புது ஆறு” என்கிறார்கள். எண்பது வருஷம் தாண்டியும் புதுசு புதுசுதான்! புதியதை ஏற்றுக்கொள்ள ஒரு தலைமுறையாவது வேண்டும் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்து காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் வழக்கு ஆரம்பித்துவிட்டது.

“பெரியம்மா, பெட்ரோலுக்குக் கொடுத்தே கட்டுப்படியாகலை. இது ராத்திரி பிளக்குல மாட்டினா காலையில தயார்” என்றான் தங்கை மகன்.

“கரண்டு போனா? கஜா புயல்ல நாம பட்டது மறந்து போச்சாடா உனக்கு?” என்றாள் தங்கை.

மருமகள் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மூத்த குழந்தைக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அவள் முகம் சொல்லியது.

தங்கை ஏன் பயந்தாள்?

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா, இந்தச் சுற்று வட்டாரத்தையே புரட்டிப் போட்டது வாசகியருக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன.

அப்போது தங்கையின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். புயல் அடித்த நாலாம் நாள் ராத்திரி வலி எடுத்துவிட்டது. தெருவில் விழுந்த மரங்களைப் பாதிதான் வெட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு டிராக்டரில் பெட்டியை மாட்டி, வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் போட்டு மெயின் ரோடு வரை கொண்டுபோய், அங்கிருந்து ஒரு புண்ணியவான் வேனில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த ராத்திரி தங்கையின் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவர்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர பதினேழு நாள் ஆயிற்று.

இப்போது மருமகளும் வாயும் வயிறுமாக இருக்கிறாள். “பதினேழு நாள் பிளக்குல கரண்டே இல்லேன்னா, வாசல்ல நிக்கிற காரை வெச்சுக் கோலம் போடுறதா?” என்று அவள் கேட்டபோது யாருக்கும் பதில் வரவில்லை.

நான் ஒன்று சொன்னேன். “சண்டையை ஒரு வாரத்துக்கு நிறுத்துங்க. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்க. கார் எவ்வளவு ஓடும்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல இந்த வீடு எவ்வளவு ஓடுதுன்னு பார்ப்போம்.”

நோட்டில் எழுதிய வாரம்

பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான். காரில் போயிருக்கக்கூடிய பயணம் எதுவானாலும், ஸ்கூட்டரில் போனாலும் வாடகைக் காரில் போனாலும், தூரத்தை அன்றன்றே குறித்தோம்.

திங்கள்: பள்ளிக்கூடம், கடைத்தெரு, 12 கிலோமீட்டர். செவ்வாய்: மருமகளுக்கு மாதாந்திரப் பரிசோதனை, தஞ்சாவூர் போய்ச் சுற்றித் திரும்பியதில் 56. புதன்: பள்ளிக்கூடம், வயல், 14. வியாழன்: 10. வெள்ளி: பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம், 52. சனி: மன்னார்குடி ராஜகோபாலசாமி தரிசனம், போகவர 60. ஞாயிறு: கறி வாங்கப் போனது மட்டும், 6.

கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 210. மாதத்துக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். அதிகமாகப் போன நாளிலும் 60-ஐத் தாண்டவில்லை!

பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிற பெரிய பயணங்களைத் தனியாக எழுதினோம். சென்னைக்கு இரண்டு தடவை, பழனிக்கு ஒரு தடவை, வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை. சென்னை இங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. “சென்னைக்கு நாம எப்பக்கா கார்ல போனோம்? தஞ்சாவூர் போயி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா விடிஞ்சா எழும்பூர்” என்று தங்கையே சொன்னாள். ஒரத்தநாட்டில் ரயில் நிலையம் கிடையாது. ஆகவே இவர்களுக்குக் கார் என்பது தஞ்சாவூர் வரைக்கும் போகிற வண்டிதான். ஊர் ஊராகச் சுற்றுகிற வண்டி இல்லை. நோட்டில் எழுதிய பிறகுதான் இது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

ஓட்டிப் பார்த்தோம்

அடுத்த நாள் தஞ்சாவூரில் ஒரு கடையில் சொல்லி வைத்து, சின்ன ரகக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். வெறுமனே தெருமுனை வரை ஓட்டிக் காட்டுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் கேட்டு வாங்கி ஒரத்தநாடு வரை வந்து திரும்பினோம். நாலு பேர், ஏ.சி. போட்டபடி. கிளம்பும்போது சார்ஜ் நூற்றுக்கு 80. திரும்பும்போது 51. அதாவது 50 கிலோமீட்டருக்கு 29 பங்கு செலவு.

இதன் சூட்சுமம் அடுப்படிக் கணக்கு மாதிரிதான். காரின் பாட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் அளவை யூனிட்டில் சொல்கிறார்கள். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். டாடா டியாகோ மின்கார் 2022-ல் வந்தபோது பெரிய பாட்டரி 24 யூனிட், சிறியது 19.2 யூனிட். இப்படிப்பட்ட சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெரிய பாட்டரி காருக்கு அப்போது சொன்ன தூரம் 315 கிலோமீட்டர். அது சோதனைக்கூடக் கணக்கு. ஏ.சி., நாலு பேர் எடை, நெடுஞ்சாலை வேகம் எல்லாம் சேர்ந்தால் இருநூறுக்குள் வந்துவிடும். அடியோடு தீர்கிற வரை ஓட்டவும் கூடாது. ஆகவே விளம்பரத்தில் சொல்வதில் பாதியை மட்டும் நம்புங்கள். பாதி என்றாலும் 150. இந்த வீட்டின் பெரிய நாளுக்கு வேண்டியது 60.

இந்த ஊர் ரோடும் இந்தக் காருக்குத் தோதானது. மலை ஏற்றம் இல்லை, அறுபதுக்கு மேல் வேகமும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து கொஞ்சம் சார்ஜைத் திருப்பி ஏற்றுகிறது. மாடும் ஆடும் குறுக்கே வருகிற நம் ரோட்டில் காலை எடுக்கிற வேளை நிறைய வருமே!

மருமகளுக்குப் பிடித்தது வேறு. கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. “பிரசவம் ஆகி உடம்பு தேறினதும் நானே லைசென்ஸ் எடுத்து ஓட்டுவேன் பெரியத்தை” என்றாள். வாசலில் வண்டியைக் கிளப்பினால் திண்ணையெல்லாம் புகை நாற்றம் வருமே, அது இதில் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது ஒரு நிம்மதி. ஆனால் ஒரு எச்சரிக்கை: மெதுவாக வரும்போது சத்தமே கேட்பதில்லை. தெருவில் விளையாடும் குழந்தைக்குக் கார் வருவது தெரியாது. பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று பார்ப்பது நல்லது.

பணக் கணக்கு

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 900 கிலோமீட்டருக்கு 60 லிட்டர், 6,000 ரூபாய். மின்காருக்கு அதே தூரத்துக்கு 130 யூனிட் வாக்கில். கூட்டியே யூனிட் 9 ரூபாய் போட்டாலும் 1,200-க்குள். மாதம் 4,800 ரூபாய் மிச்சம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறி ரேட் ஏறிவிடும். இந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். காருக்கு 260 சேர்ந்தால் 560 ஆகிவிடும். அதனால்தான் 9 ரூபாய் என்று கூட்டிப் போட்டேன். பழைய கரண்ட் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

“பம்பு செட்டுக்குத்தான் இலவச கரண்டு இருக்கே, மோட்டார் கொட்டகையில மாட்டிட்டா போச்சு!” என்றார் தங்கை வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தோம். ஆனால் இது விளையாட்டில்லை. அது பயிருக்கென்று கொடுத்த இணைப்பு. அதில் கார் சார்ஜ் செய்வது சட்டப்படி குற்றம், அபராதம் கட்ட நேரும்.

மின்காருக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம்தான். சின்ன பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 18 சதவீதம். அப்படியும் ஒரே அளவுக் காரில் மின்கார்தான் விலை கூட. வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைத்தால், மாதம் 4,800 மிச்சத்தில் ஐந்து வருஷம் சொச்சத்தில் ஈடாகும். பாட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் கொடுக்கும் கார்கள் உண்டு என்பதால் இது தாங்கும்.

ஆனால் மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால்? மிச்சம் 1,600 ரூபாய். போட்ட பணம் திரும்ப பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும்! கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் கார் எடுக்கிறவர்கள் பணம் மிச்சமாகும் என்று நம்பி இதை வாங்க வேண்டாம். தினமும் ஓடுகிற, ஆனால் தூரம் போகாத வீட்டுக்குத்தான் இது லாபம்.

பிளக்கைப் பாருங்கள்

புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம்தான் வந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டு வயரிங்கைச் சாவகாசமாகப் பார்க்கச் சொன்னோம்.

இந்தக் கார்களை வீட்டில் ஏ.சி.க்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் செய்யலாம். மணிக்கு மூன்று யூனிட் வாக்கில் ஏறும். தொட்டி முழுக்க நிரம்ப எட்டு ஒன்பது மணி நேரம். ஆனால் 60 கிலோமீட்டர் ஓடியதை ஈடுகட்ட மூன்று மணி நேரம் போதும். ராத்திரி அரிசி ஊறப்போடுகிற மாதிரி மாட்டிவிட்டுப் படுத்தால் சரி.

ஆனால் மூன்று யூனிட் என்பது பெரிய கீசர் ஒன்றை ராத்திரி முழுக்க ஓட்டுவதற்குச் சமம். எலெக்ட்ரீஷியன் சொன்னவை இவை: மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்துத் தனி சுவிட்ச் போட வேண்டும். எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த வீட்டில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது! எக்ஸ்டென்ஷன் வயரைக் கொல்லைப்புறம் வழியாக இழுத்து மாட்டுவது கூடவே கூடாது. பிளக் மழைச் சாரல் படாமல், குழந்தை கைக்கு எட்டாமல் உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் காரை நிறுத்திச் சார்ஜ் போடக்கூடாது. பாட்டரியை நீர் புகாமல் மூடித்தான் வைத்திருக்கிறார்கள். அதற்காக வெள்ளத்தில் இறக்கிப் பார்க்க அது படகில்லை.

சத்திரத்து வாசலில்

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கையும் நானும் முக்தாம்பாள் சத்திரம் வரை நடந்தோம். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாள் நினைவாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. இந்த ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காக மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். வண்டி மாடு எவ்வளவு தூரம் தாங்குமோ, அதற்குள் சோறும் தண்ணீரும் தங்க இடமும் கிடைக்க வேண்டும் அல்லவா?

சரபோஜி 1801-ல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் நோயாளிக்கு மருத்துவம் பார்ப்பதையும், வழியில் பிரசவமாகும் பெண்களைக் கவனித்துத் தங்க வைத்துக்கொள்வதையும் சொல்லியிருக்கிறார். இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் தூணைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“மாட்டு வண்டிக்காரனும் மாடு எவ்வளவு தாங்கும்னு பார்த்துத்தானே கிளம்பியிருப்பான்” என்றாள்.

“அதேதான். அவன் நடுவழியில மாட்டைப் பட்டினி போடலை. நாமளும் போட வேண்டாம்” என்றேன்.

அன்று ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். வழி சொன்னது மருமகள்தான். “அத்தை, புயல் வருதுன்னு மூணு நாள் முன்னாடியே சொல்லிடறாங்க. நாம குடத்துல தண்ணி பிடிச்சு வைக்கிறோம், மாவு அரைச்சு வைக்கிறோம், மெழுகுவர்த்தி வாங்கி வைக்கிறோம். அதோட காரையும் நிரப்பி வெச்சுட்டா தஞ்சாவூருக்கு மூணு நடை போயிட்டு வரலாமே! மத்த நாள்ல பாதிக்குக் கீழே இறங்க விடாம வெச்சுப்போம். பாதி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சமும் இருக்கும்.”

தங்கை யோசித்தாள். “அன்னிக்கு ராத்திரி பெட்ரோல் கார் இருந்திருந்தாலும் மரத்தைத் தாண்டி வந்திருக்காதுதான்” என்று மெல்லச் சொன்னாள். உண்மைதானே! கரண்ட் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க்கிலும் ஜெனரேட்டர் ஓடினால்தான் பெட்ரோல். ஆனாலும் அவள் பயம் முழுக்கத் தப்பில்லை. பதினேழு நாள் இருட்டில் எந்த மின்காரும் தாக்குப்பிடிக்காது. அதனால் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை விற்பதில்லை, டிராக்டர் வீட்டு நம்பரையும் 108-ஐயும் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பது என்று முடிவாயிற்று.

இன்னொரு முடிவையும் அவளே சொன்னாள். “ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும். பிள்ளை பிறக்கட்டும். அதுவரைக்கும் தெருவுல இருக்கிற வாடகைக் கார் நமக்குப் பழகினது. அதுக்குள்ள எர்த் கம்பியைச் சரி பண்ணு. தை பிறந்ததும் போய் வாங்கிட்டு வா.” மகன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

நீங்களும் எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால், யாரும் கோபப்படும் முன் இந்த ஐந்துக்கும் பதில் எழுதுங்கள்.

1. சாதாரண வாரத்தில் ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர்? விளம்பரத் தூரத்தில் பாதிக்குள் அடங்குகிறதா?

2. மாதத்துக்கு மொத்தம் எத்தனை? ஐந்நூறுக்குக் குறைவென்றால் பணத்துக்காக வாங்க வேண்டாம்.

3. கார் நிற்கிற இடத்தில் உங்களுக்கென்று பிளக் உண்டா? வாடகை வீடு, மாடிக் குடியிருப்பு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இது சரிப்படாது.

4. தூரப் பயணத்துக்கு ரயிலோ, பஸ்ஸோ, வேறு வண்டியோ இருக்கிறதா?

5. உங்கள் வீட்டின் மிக மோசமான ராத்திரி எது? அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

ஐந்தாவது கேள்வியை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கார் விற்கிறவர் அதைக் கேட்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறக் கிளம்பினேன். வாழைக்காய், தேங்காய், அவள் கையால் இடித்த மிளகாய்ப் பொடி எல்லாம் பையில் ஏறின. நோட்டுப் புத்தகத்தையும் எடுத்தேன், இந்தக் கட்டுரை எழுத உதவுமே என்று. தங்கை கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டாள்.

“அது இங்கேயே இருக்கட்டும் அக்கா. கார் வந்ததும் தினமும் எழுதணும். பாதிக்குக் கீழே இறங்க விட்டுட்டாங்களான்னு நான்தானே பார்க்கணும்!”